‘இலங்கையின் மீட்பர்’ லெனார்ட் பேர்ச்சல் (1915–2004)

இலங்கை மண்ணில் இரண்டு நாட்களே தங்கியிருந்த ஒரு கனேடிய விமானி ‘இலங்கையின் மீட்பர்’ என்று பெயர் பெற்றார். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை நாள்தோறும் கடந்து பாடசாலை செல்லும் திருகோணமலை மாணவர்கள் அவரைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும்.

லெனார்ட் பேர்ச்சல் 1915 யூலை 6 ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தார். கிங்ஸ்ரன் நகரிலுள்ள அரச இராணுவக் கல்லூரியில் பயின்று, 1937 இல் கனேடிய விமானப்படையில் விமானியானார். இரண்டாம் உலகப்போரில் யப்பான் இறங்கியதும் அவரது 413 ஆம் படையணி காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலைக்கு அனுப்பப்பட்டது. 1942 ஏப்ரல் 2 இல் அவர் அங்கு வந்து சேர்ந்தார்.

ஏப்ரல் 4 ஆம் திகதி, கட்டலினா என்னும் பறக்கும் படகில் எட்டுப் பேருடன் கடற்கண்காணிப்புக்குப் புறப்பட்டார். மாலையில் திரும்பும் வேளை நெருங்கியபோது, இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 400 மைல் தொலைவில் யப்பானியக் கடற்படை தென்பட்டது. அது பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அட்மிரல் நகுமோவின் படை. விமானந்தாங்கிக் கப்பல்கள் மட்டும் ஐந்து. தப்பி ஓடாமல் கிட்டச் சென்று பார்த்து, வானொலியில் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். செய்தி முடியுமுன் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மூவர் இறந்தனர்; பேர்ச்சல் உட்பட ஆறு பேர் கைதாயினர். ஆனால் கொழும்புக்கு வேண்டிய அளவு செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல அன்றிரவே வெளியேறின.

இங்கே மாணவர்கள் திகதிகளை மாற்றி எழுதுவதுண்டு. கொழும்பு தாக்கப்பட்டது ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. திருகோணமலையும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டது ஏப்ரல் 9. அதற்கு முதல் நாள் வேறொரு கட்டலினா எதிரிக் கப்பல்களைக் கண்டதால் எமது துறைமுகமும் முன்னரே எச்சரிக்கப்பட்டது. அவ்வாறு வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

யப்பானியர் இலங்கையைக் கைப்பற்றும் நோக்குடன் அன்று வரவில்லை. பிரித்தானியக் கடற்படையை அழிக்கவே வந்தனர். எனவே ‘மீட்பர்’ என்பது சற்று மிகையான பட்டமே. ஆயினும் கப்பல்களும் மனித உயிர்களும் காப்பாற்றப்பட்டமை உண்மை.

வானில் காட்டிய துணிவுக்காக அவருக்கு டி.எப்.சி. எனப்படும் சிறப்புப் பறப்புச் சிலுவை கிடைத்தது. மற்றொரு விருதான ஓ.பி.ஈ. யுத்தக் கைதியாக இருந்த காலத்துக்கு உரியது. என் பார்வையில் அதுவே பெரியது. டி.எப்.சி. சில நிமிடத் துணிவுக்கு, ஓ.பி.ஈ. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட துணிவுக்கு. யப்பானிய முகாம்களில் நோயாளிகளை வேலைக்கு இழுத்தபோது, அவர்களை விடும்வரை எவரும் வேலை செய்வதில்லை என மறியலிருக்கச் செய்தார். கைதியை அடித்த காவலனைத் திருப்பி அடித்தார். அதற்காக வதைபட்டார், தனிச்சிறையில் கிடந்தார். முகாமில் நடந்தவற்றை நாட்குறிப்பாக எழுதி மறைத்து வைத்தார். அது பின்னர் போர்க்குற்ற விசாரணையில் சான்றாகியது.

1945 இல் விடுதலையானார். 1963 முதல் 1967 வரை தாம் படித்த அதே கல்லூரியின் தளபதியாக இருந்து ஓய்வு பெற்றார். அதன் பின்னும் கௌரவப் பதவியில் படையுடன் தொடர்ந்தார். கனேடியப் படைச் சேவைப் பதக்கம் 12 ஆண்டுச் சேவைக்கு வழங்கப்படும்; பின்னர் ஒவ்வொரு 10 ஆண்டுக்கும் ஒரு பட்டி சேரும். பேர்ச்சலின் பதக்கத்தில் ஐந்து பட்டிகள். கணக்கிட்டுப் பாருங்கள், 62 ஆண்டுகள்! கனடாவின் உயர் விருதான ‘ஓடர் ஒவ் கனடா’வும் அவரைச் சேர்ந்தது.

2004 செப்டெம்பர் 10 ஆம் திகதி, தமது 89 ஆவது வயதில், கிங்ஸ்ரன் நகரில் காலமானார்.