நம் நகரத்து ஆசிரியை சாவித்திரிபாய் புலே அம்மையார்

புனே மாநகரில் பிழைப்பின் பொருட்டு வந்து தங்கியுள்ள தமிழ் மக்களாகிய நாம் தகடுசேட் கணபதி கோயிலை அறியாதவர்கள் அல்லோம். பிள்ளைகள் பரீட்சை எழுதுமுன்பும், விடுமுறைக்கு ஊர் புறப்படுமுன்பும் அங்கே சென்று தேங்காய் சமர்ப்பித்து வருவது நம்மவர் வழக்கம். அக்கோயிலுக்கு எதிர்ப்புறத்தில் சிதைந்த நிலையில் பழைய வீடு ஒன்று நெடுங்காலம் நின்றிருந்தது. பிடே வாடா என்பது அதன் பெயர். இருபது ஆண்டுகளாக அவ்வழியே போய் வந்த நாம் ஒரு நாளாவது அதை நிமிர்ந்து பார்த்ததில்லை. நினைவுச் சின்னம் எழுப்பும் பொருட்டு 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நகராட்சியார் அதை இடித்து அகற்றிய செய்தியைப் பத்திரிகையில் கண்ட பின்னரே, அது என்ன வீடு என்று விசாரிக்கத் தோன்றிற்று. இதனை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

அவ்வீட்டில்தான் 1848-ஆம் ஆண்டில் பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பெற்றது. இந்தியர் தாமே முன்னின்று நடத்திய மிகப் பழைய பெண் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. அங்கே கற்பிக்கச் சென்ற சாவித்திரிபாய் புலே அம்மையாருக்கு அப்போது வயது பதினேழு. ரயில்வேயில் கணக்கெழுதிப் பழகிய நமக்கு எதனையும் ரயிலைக் கொண்டே அளந்து பார்க்கும் குணம் உண்டு. பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் வண்டி ஓடியது 1853-இல். நம் புனேக்கு இருப்புப்பாதை வந்தது 1858-இல். அவ்வாறாயின், இந்நகருக்கு ரயில் வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே அதற்கு ஓர் ஆசிரியை வந்துவிட்டார்!

அம்மையார் 1831-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ஆம் தேதி சாதாரா ஜில்லாவைச் சேர்ந்த நாய்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கண்டோஜி நேவசே, தாயார் லட்சுமிபாய். தோட்டப் பயிர் செய்யும் மாளி வகுப்பினர். ஒன்பதாவது வயதில், 1840-இல், புனேயைச் சேர்ந்த ஜோதிராவ் புலே அவர்களுக்கு மணம் செய்விக்கப்பெற்றார். மணமகனுக்கு வயது பதின்மூன்று. மணமகளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. பெண் படித்தால் குடும்பத்துக்குக் கேடு வரும் என்று கற்றவர்களே நம்பியிருந்த காலம் அது.

கணவரே மனைவிக்கு முதல் ஆசிரியர் ஆனார். பிறகு அம்மையார் ஆசிரியைப் பயிற்சியும் பெற்றார். நம்மில் பலருடைய அன்னையர் பென்ஷன் பத்திரத்தில் பெருவிரல் ரேகை பதித்தவர்களே. மை தோய்ந்த அவ்விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அவர்கள் தலை குனிந்து நின்றதைப் பார்த்த பிள்ளைகளுக்கு, இந்தக் கணவர் செய்தது எத்துணைப் பெரிய காரியம் என்பது சொல்லாமலே விளங்கும்.

பள்ளிக்கு நடந்து செல்லும் ஆசிரியையை வழியில் நின்று வைதார்கள். சேற்றையும் சாணத்தையும் வாரி வீசினார்கள். கல்லும் விழுந்தது. அம்மையார் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. பையில் இன்னொரு புடவையை எடுத்துச் சென்றார். பள்ளியை அடைந்ததும் அழுக்கான புடவையைக் களைந்து நல்லதை உடுத்திக்கொண்டு பாடம் நடத்துவார். திரும்பும்போது மறுபடியும் அழுக்குப் புடவை. தினந்தோறும் இரண்டு புடவை துவைத்து உலர்த்த வேண்டிய அந்த வேலையைத்தான் நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறோம். வீரம் என்றால் வாளும் குதிரையும் என்று எண்ணுகிறோம்; அவ்வீரம் துணி உலர்த்தும் கொடியிலும் தொங்கக்கூடும் போலும்.

ஊராரின் நிர்ப்பந்தத்துக்கு மாமனாரும் அஞ்சினார். பள்ளியை விடுங்கள், அல்லது வீட்டை விடுங்கள் என்று சொல்லும் நிலைக்கு வந்தார். 1849-இல் தம்பதிகள் வீட்டை விட்டனர். அவர்களுக்கு இடமளித்தவர் உஸ்மான் ஷேக் என்னும் முஸ்லிம் நண்பர் என்பர். பாத்திமா என்னும் பெண்மணி அம்மையாருக்குத் துணையாக உழைத்தார். 1851-ஆம் ஆண்டு முடிவதற்குள் மூன்று பெண் பள்ளிகளும் ஏறத்தாழ 150 மாணவிகளும் ஏற்பட்டனர். மகார், மாங் முதலிய ஒடுக்கப்பட்ட வகுப்புக் குழந்தைகளுக்கும் பள்ளிகள் தோன்றின. 1852-ஆம் ஆண்டு நவம்பரில் அரசாங்கத்தார் ஜோதிராவ் அவர்களுக்குப் பொதுவில் மரியாதை செய்தனர். 1857-ஆம் ஆண்டுக் கலகத்துக்குப் பின் பண உதவி குன்றவே பள்ளிகள் தளர்வுற்றன.

அம்மையார் கவியும் ஆவார். காவிய புலே என்னும் கவிதை நூல் 1854-இல் வெளிவந்தது. ஆயினும் கவிதைகளைக் காட்டிலும், கணவருக்கு எழுதிய கடிதங்களே அவரை நமக்கு நன்கு காட்டுகின்றன. அவற்றுள் மூன்றின் செய்தியை இங்கே சுருக்கிக் கூறுவோம்.

1856-இல் அவர் உடல் நலம் குன்றித் தாய்வீட்டில் தங்கியிருந்தார். தாழ்ந்த வகுப்பாருக்காக உழைத்து இருவரும் சாதியை விட்டு விலக்குண்டதைச் சுட்டிக்காட்டி, உடன் பிறந்தவர் அவரைக் கடிந்துகொண்டார். பசுவையும் ஆட்டையும் தடவிக் கொடுத்து, நாகபஞ்சமியன்று பாம்புக்குப் பால் வார்க்கும் நீர் மனிதனை மட்டும் தீண்ட மறுப்பது ஏன் என்று அம்மையார் திருப்பிக் கேட்டார். உடன் பிறந்தவர் வாயடைத்தார். அதே கடிதத்தில் பள்ளிப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பாத்திமாவைப் பற்றிய கவலையும் இருக்கிறது.

1868-ஆம் ஆண்டுக் கடிதம் இன்னும் கடுமையான செய்தியைச் சொல்வது. கணேஷ் என்னும் பிராமண இளைஞனும் சர்ஜா என்னும் மகார் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்பினர். பெண் கருவுற்றிருந்தாள். ஊரார் இருவரையும் வீதியில் அடித்து இழுத்துச் சென்று கொல்ல முற்பட்டனர். அம்மையார் குறுக்கே நின்று, ஆங்கிலேயர் சட்டத்தின் தண்டனையை நினைவூட்டித் தடுத்தார். இருவரும் கணவரிடமே அனுப்பி வைக்கப்பட்டனர். இன்றும் நாளிதழில் இவ்வகைச் செய்திகளைப் படிக்கிறோம். குறுக்கே நின்றவர் பெயரைத்தான் காண்பதில்லை. மூன்றாவது கடிதம் 1877-இல் ஓதூரிலிருந்து எழுதப்பெற்றது. கடும் பஞ்சத்தில் மக்களும் கால்நடைகளும் மடிவதையும், சத்திய சோதக் சமாஜத்தார் செய்யும் தொண்டையும் அதில் தெரிவித்திருக்கிறார். அச்சமாஜத்தைக் கணவர் நிறுவியது 1873-ஆம் ஆண்டில்.

இனி அம்மையார் தாயான வரலாற்றைச் சொல்ல வேண்டும். தம்பதிகளுக்குப் பிள்ளையில்லை. வேறு பெண்ணை மணந்துகொள்ளும்படி ஜோதிராவை உறவினர் வற்புறுத்தியபோது அவர் மறுத்துவிட்டார். குறை மனைவியிடம்தான் என்று எப்படி முடிவு செய்வது என்பது அவருடைய வாதம். நம் ஊர்களில் இவ்வாதத்தைக் கேட்டிருந்தால் எத்தனையோ பெண்களின் கண்ணீர் குறைந்திருக்கும்!

சிறு வயதில் கைம்மையுற்ற பெண்கள் ஏமாற்றப்பட்டுக் கருவுறுவதும், பழிக்கு அஞ்சிச் சிசுவையோ தம்மையோ மாய்த்துக்கொள்வதும் அந்நாளில் மலிந்திருந்தன. 1863-இல் இத்தம்பதிகள் தம் வீட்டிலேயே அத்தகைய பெண்களுக்கு ஒரு புகலிடம் அமைத்தனர். பெயர் சொல்லாமல் வந்து பிரசவித்துச் செல்லலாம். விரும்பினால் குழந்தையை விட்டுச் செல்லலாம். 1884-ஆம் ஆண்டு வரையில் 35 கைம்பெண்கள் வந்தனர் என்று தெரிகிறது. அத்தனை பேருக்கும் பிரசவ பத்தியம் பார்த்தவரும் குழந்தைகளைக் குளிப்பாட்டியவரும் அம்மையாரே. அங்கே பிறந்த பிராமணக் கைம்பெண் ஒருவரின் ஆண் குழந்தையை 1874-இல் தம் மகனாக ஏற்று யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்தனர். அம்மகன் படித்து டாக்டர் ஆனார். பிறப்பைக் காரணம் காட்டி அவருக்குப் பெண் கொடுக்க மக்கள் தயங்கினர். 1889-இல், சமாஜத் தோழர் ஒருவரின் மகளான ராதாவுடன் புரோகிதர் இன்றித் திருமணம் நடந்தேறியது.

இங்கே சற்று விலகி ஒன்று கூற அனுமதி வேண்டுகிறோம். சென்ற ஆண்டு நம்மவர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகத் தேறிய மகளின் படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிட எண்ணினார். அவரைக் குறை கூற மாட்டோம். அவருடைய சம்பளத்தை அறிவோம். தங்கைமார் இருவர் இருப்பதையும் அறிவோம். அவரிடம் நயமாகப் பேசச் சென்ற நம்மிடம் அப்போது எடுத்துச் சொல்ல ஒரு கதையும் இல்லை. இந்நகரின் பல்கலைக்கழகத்துக்கு 2014-ஆம் ஆண்டு முதல் இட்டிருக்கும் பெயர் யாருடையது என்பதைக்கூட நாம் சரியாக அறிந்திருக்கவில்லை. பெண் ஊருக்குப் போய்விட்டாள். இக்கட்டுரை எழுத நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1888-இல் ஜோதிராவ் பக்கவாதத்தால் தாக்குண்டார். வலக்கை செயலிழக்க, இடக்கையால் எழுதித் தம் கடைசி நூலை முடித்தார். 1890-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி காலமானார். கொள்ளி வைக்கும் உரிமை வளர்ப்பு மகனுக்கு இல்லையென்று பங்காளிகள் வழக்கிட்டபோது, அம்மையாரே தீச்சட்டியைக் கையிலேந்தி ஊர்வலத்தின் முன்னே நடந்து கணவரின் சிதைக்குத் தீ மூட்டினார். மனைவியர் சுடுகாட்டுக்கும் செல்லாத காலம். அதன்பின் சமாஜத்தின் பொறுப்பை ஏற்றார்; 1893-இல் சாஸ்வடில் கூடிய அதன் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

1897-இல் புனேயில் பிளேக் நோய் பரவிற்று. ரயில் பிரயாணிகளை நிலையங்களில் நிறுத்திப் பரிசோதித்த காலம் அது. மகன் யஷ்வந்த் ஹடப்சர் பக்கத்தில் ஊருக்கு வெளியே சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்தினார். அம்மையாருக்கு வயது அறுபத்தாறு. நோயாளிகளைத் தாமே தேடிச் சென்று அழைத்து வருவார். முண்டவா கிராமத்து மகார் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டதென்று கேள்வியுற்றதும் அங்கே விரைந்து, அவனை முதுகில் சுமந்துகொண்டு சிகிச்சை நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். நோய் அவரையும் பற்றியது. மார்ச் மாதம் 10-ஆம் தேதி உயிர் நீத்தார்.

சென்னைக்கு நாம் ஏறும் வண்டி புனேயை விட்டுக் கிளம்பிய சில நிமிஷங்களில் ஹடப்சர் என்னும் நிலையத்தைக் கடக்கிறது. மூட்டைகளைச் சரிப்படுத்துவதிலும் இடம் பிடிப்பதிலும் நாம் முனைந்திருக்கும் நேரம் அது. முண்டவா அந்நிலையத்துக்கு அருகிலேதான் இருக்கிறது.