பத்து ரூபாய்க் காந்தி
கொலம்பசின் உருவோடு அமெரிக்கா ஐந்து டாலர் அஞ்சல்தலை வெளியிட்ட 1893இல்தான், போர்பந்தரில் பிறந்த இளம் வழக்கறிஞர் காந்தி தென்னாப்பிரிக்காவில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அந்த அவமதிப்பே அவரைப் போராட்டத்துக்குத் திருப்பியது. 1921 செப்டம்பர் 22 அன்று, எங்கள் பழங்காநத்தத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய மேலமாசி வீதியில், ஏழைகளை எண்ணி அரையாடைக்கு மாறினார். 1948 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று, சுவிட்சர்லாந்தில் அச்சான நான்கு காந்தி தலைகள் இங்கே வெளிவந்தன. மூன்று அணாக் கணக்கில். நான்காவது பத்து ரூபாய், அதாவது நூற்றறுபது அணா! வந்த கடித உறைகளின் பின்புறத்திலேயே குறிப்பெழுதிச் சிக்கனம் காத்தவரை எளியவர் கைக்கு எட்டாத விலையில் வைத்தது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. அணாத் தலைகள் மூன்றும் என்னிடம் உண்டு. நான்காவதற்குப் போலிகளும் மலிந்துவிட்டதால், தொகுப்பேட்டில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.