தயிரும் குடல் நலமும்: இலியா மெச்னிக்கோவ் (1845–1916)

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வயிற்றுப்போக்குடன் வருவோர், தயிர் உண்ணலாமா, மருந்துக்கடையில் விற்கும் புரோபயாடிக் பொடி வாங்கலாமா என்று கேட்பது வழக்கம். நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் என்ற கருத்தை உலகறியச் செய்தவர் இலியா மெச்னிக்கோவ். அவர் இன்றைய உக்ரைனின் கார்கீவ் பகுதியில் 1845-ஆம் ஆண்டு பிறந்தார். கிருமிகளை விழுங்கி அழிக்கும் உயிரணுக்களைக் கண்டறிந்தமைக்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1888 முதல் அவர் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றினார். 1892-இல் பிரான்சில் காலரா பரவியபோது அக்கிருமியைத் தாமே அருந்தினார், நோய் வரவில்லை. ஆய்வுக்காக அருந்திய வேறொருவரோ கடுமையாக நோயுற்று அரிதாகப் பிழைத்தார். (இன்று எந்த ஆய்வுநெறிக் குழுவும் இதனை அனுமதிக்காது.) ஒரே கிருமி ஒருவரைத் தாக்கி மற்றவரை விட்டுவிடுவதற்கு, குடலில் ஏற்கெனவே வாழும் நுண்ணுயிரிகளே காரணம் என அவர் கருதினார்.

பின்னர் அவரது கவனம் முதுமையின்பால் சென்றது. பெருங்குடலில் உணவு அழுகி உண்டாகும் நஞ்சே முதுமையை விரைவுபடுத்துகிறது என்றும், தயிரிலுள்ள கிருமிகள் சுரக்கும் லாக்டிக் அமிலம் அதனைத் தடுக்கும் என்றும் நம்பினார். பல்கேரியச் சிற்றூர்களில் தயிர் உண்போர் நெடுங்காலம் வாழ்வதாகக் கிடைத்த செய்திகள் அந்நம்பிக்கையை வலுப்படுத்தின. தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். 71-ஆம் வயதில் இதய நோயால் காலமானார்.

பெருங்குடல் பயனற்ற உறுப்பு என்ற அவரது கருத்து பிழையானது. நீரையும் உப்புகளையும் உடல் அங்கும் மீட்டுக்கொள்கிறது. அக்காலத்தில் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே அகற்றிய மருத்துவர்களும் இருந்தனர். தயிர்க் கிருமிகள் குடலில் நிலையாகத் தங்குவதில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆயினும் அவரது அடிப்படை எண்ணம் வீணாகவில்லை. பால் செரியாத பலருக்குத் தயிர் எளிதில் செரிக்கிறது. ஆன்டிபயாடிக் மருந்துகளால் வரும் வயிற்றுப்போக்கைச் சில குறிப்பிட்ட புரோபயாடிக் வகைகள் குறைக்கின்றன. ஆனால், எல்லாப் பொடிகளும் ஒரே வகையின அல்ல.

எனவே, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு முதலில் தர வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலே. ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தூய நீரில் முழுவதுமாகக் கரையுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை 14 நாட்கள் கொடுங்கள். வழக்கமாக உண்ணும் குழந்தைக்குத் தயிர்ச்சோறு தரலாம். குறைமாதக் குழந்தைகளுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் மருத்துவர் கூறாமல் புரோபயாடிக் எதையும் கொடுக்கக் கூடாது. மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண்கள், நீர் அருந்த இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.