விடுதலைத் தாய் ஹாரியட் டப்மன்

கூண்டிலிருந்து தப்பிப் பறந்த பறவை மீண்டும் அக்கூண்டைத் தேடி வருமா? வராது என்றே நாம் சொல்வோம். ஆனால் தப்பிச் சென்ற பின்னும், தன்னோடு அடைபட்டுக் கிடந்தவர்களை மீட்பதற்காக ஏறத்தாழ 13 முறை திரும்பி வந்தார் ஒரு பெண்மணி. அவர்தாம் அமெரிக்க நாட்டின் கறுப்பின வீராங்கனை ஹாரியட் டப்மன். 2019-ஆம் ஆண்டில் அவரது வாழ்க்கை 'ஹாரியட்' என்னும் திரைப்படமாக வெளிவந்து பார்த்தோர் நெஞ்சை உருக்கியது. ஆயினும் 90 ஆண்டுகளை எட்டிய ஒரு நெடு வாழ்வை இரண்டு மணி நேரத்தில் அடக்க இயலுமா? ஆகவே அவ்வாழ்வை நாம் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

மேரிலாந்து மாநிலத்தின் டார்செஸ்டர் வட்டாரத்தில், 1822-ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். பெற்றோர் பென் ராஸ், ஹாரியட் கிரீன் என்னும் அடிமைகள். குழந்தைக்கு அவர்கள் இட்ட பெயர் அரமின்டா. தாய் அடிமையென்றால் பிறக்கும் குழந்தையும் அத்தாயின் எசமானுக்கே உடைமை என்பது அன்றைய சட்டம். ஆடு மாடுகளை விற்பதுபோல் மனிதர்களையும் விற்றார்கள். அரமின்டாவின் அக்காமார் மூவர் அவ்வாறே தொலைதூரத்திற்கு விற்கப்பட்டனர். அவர்களைக் குடும்பத்தார் மீண்டும் காணவே இல்லை.

பள்ளிக்குச் செல்ல வேண்டிய ஆறு வயதில் அரமின்டா வேறொரு வீட்டிற்குக் கூலிக்கு அனுப்பப்பட்டாள். இரவெல்லாம் கைக்குழந்தையைத் தாலாட்ட வேண்டும். குழந்தை அழுதால் சாட்டையடி விழும். அந்தத் தழும்புகள் அவள் கழுத்தில் கடைசிவரை மறையவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும்போது, தப்பி ஓட முயன்ற ஓர் அடிமையை நோக்கிக் கங்காணி ஒருவன் இரண்டு பவுண்டு எடைக்கல்லை வீசினான். அது குறி தவறி இச்சிறுமியின் மண்டையைப் பிளந்தது. உயிர் பிழைத்தாள். எனினும் அன்று முதல் தீராத தலைவலியும், வேலைக்கு நடுவிலேயே திடீரென உறக்கத்தில் ஆழ்ந்துவிடும் நோயும் அவளை விடவில்லை. எழுத்தறிவு பெற அவளுக்கு வாய்ப்பே கிட்டவில்லை. தாய் வாய்மொழியாகச் சொன்ன விவிலியக் கதைகளே அவளது பாடநூல். அடிமைப்பட்ட மக்களைப் பார்வோனின் பிடியினின்று மீட்ட இறைவன் தங்களையும் மீட்பார் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

1844-ஆம் ஆண்டளவில் ஜான் டப்மன் என்பவரை மணந்தார். தாயின் பெயரையே தமக்கும் சூட்டிக்கொண்டு ஹாரியட் டப்மன் ஆனார். 1849-இல் எசமான் இறந்தான். கடனை அடைக்க அடிமைகளை விற்றுவிடுவார்கள் என்ற அச்சம் எழுந்தது. ஹாரியட் தம் சகோதரர் இருவருடன் தப்பிப் புறப்பட்டார். சகோதரர்கள் பாதி வழியில் அஞ்சித் திரும்பினர். பின்னர் ஹாரியட் தனியாகவே புறப்பட்டார். இரவில் துருவ நட்சத்திரமே வழிகாட்டி. பகலில் காடும், அடிமைகளுக்கு இரங்கிய நல்லோர் வீடுகளும் புகலிடம். இவ்வாறு இரகசியமாக உதவியோரின் தொடர்பிற்கே நிலத்தடி இருப்புப்பாதை என்று பெயர். அதில் தண்டவாளமும் இல்லை, புகைவண்டியும் இல்லை. இரக்கமுள்ள நெஞ்சங்களே நிலையங்கள்! ஏறத்தாழ 145 கிலோமீட்டர் கடந்து அவர் பென்சில்வேனியாவை அடைந்தார்.

விடுதலை கிடைத்துவிட்டது. ஆனால் அதைப் பகிர்ந்துகொள்ள உற்றார் ஒருவரும் அருகில் இல்லை. பெற்றோரும் உடன்பிறந்தாரும் விலங்கில் கிடக்க, தாம் மட்டும் பெற்ற விடுதலை அவருக்கு இனிக்கவில்லை. பிலடெல்பியாவில் வீட்டு வேலை செய்து காசு காசாகச் சேர்த்தார்.

1850 டிசம்பரில் முதல் வாய்ப்பு வந்தது. அவர் உறவுப் பெண் கெசையாவும் அவளுடைய இரு குழந்தைகளும் ஏலத்திற்கு வந்தனர். கெசையாவின் கணவர் அடிமையல்லர். அவரே ஏலம் கேட்டு எடுத்துவிட்டு, பணம் கட்டும் நேரத்திற்குள் மனைவி மக்களை மறைத்து, படகேற்றி பால்டிமோர் சேர்த்தார். அங்கே காத்திருந்த ஹாரியட் அவர்களை அழைத்துச் சென்றார். மறு ஆண்டு தம் கணவரை அழைத்துவரச் சென்றார். அவரோ வேறொரு பெண்ணுடன் வாழ்ந்துகொண்டிருந்தார், வர மறுத்துவிட்டார். ஹாரியட் மனம் உடைந்தார். ஆனாலும் வெறுங்கையோடு திரும்பாமல், அங்கே தவித்திருந்த வேறு சிலரை மீட்டு வந்தார்.

1850-இல் வந்த சட்டத்தினால், தப்பியோரை வட மாநிலங்களிலும் பிடிக்க முடிந்தது. எனவே கனடா நாடு வரை அழைத்துச் செல்ல நேர்ந்தது. இரவு நீண்டிருக்கும் குளிர்காலத்தையே ஹாரியட் தேர்ந்தெடுப்பார். சனி இரவில் புறப்படுவார்; திங்கட்கிழமைக்கு முன் செய்தித்தாளில் அறிவிப்பு வராது அல்லவா! பாட்டுப் பாடிச் சைகை காட்டுவார். 1857-இல் வயது முதிர்ந்த பெற்றோரையும் அழைத்து வந்தார். ஏறத்தாழ 70 பேரை அவர் மீட்டார். ஒருவரைக்கூட வழியில் இழக்கவில்லை. மக்கள் அவரை மோசே என்றே அழைத்தனர்.

ஆயினும் ஆறாத துயரம் ஒன்று உண்டு. தங்கை ரேச்சலை மீட்க அவர் பன்முறை முயன்றார். 1860-இன் இறுதியில் சென்றபோது ரேச்சல் ஏற்கெனவே இறந்துவிட்டாள். அவளுடைய இரு பிள்ளைகளை மீட்கக் கையூட்டாக 30 டாலர் தேவைப்பட்டது. அந்த 30 டாலர் ஹாரியட்டிடம் இல்லை! கண்ணீரோடு அப்பிள்ளைகளை விட்டு நீங்கினார். அப்போதும் சும்மா வரவில்லை. கைக்குழந்தையுடன் தவித்த வேறொரு குடும்பத்தை உடன் அழைத்து வந்தார்.

உள்நாட்டுப் போர் மூண்டபோது, வட மாநிலப் படைக்காகச் சமைத்தார், காயமுற்றோருக்குச் செவிலியானார், உளவும் பார்த்தார். 1863 ஜூன் 2-ஆம் நாள் தென் கரோலினாவின் கம்பாகி ஆற்றில் படைக்கு வழிகாட்டிச் சென்று, 700-க்கும் மேற்பட்ட அடிமைகளை ஒரே நாளில் விடுவிக்கத் துணை நின்றார். நாடு அவருக்குக் காட்டிய நன்றியோ மிகச் சிறிது. போர்ப் பணியினின்று வீடு திரும்பும்போதே, புகைவண்டியில் நிறத்தைக் காரணம் காட்டி அவரைச் சரக்குப் பெட்டிக்குள் தள்ளினர், கை முறிந்தது. 1899-இல்தான் மாதம் 20 டாலர் உதவித்தொகை கிடைத்தது.

அந்த வறுமையிலும் நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் நகரிலிருந்த தம் வீட்டில் ஏழைகளுக்கு இடமளித்தார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று மேடையேறிப் பேசினார். அவரது முயற்சியால் 1908-இல் கறுப்பின முதியோருக்கு இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. அவ்வில்லத்திலேயே 1913 மார்ச் 10-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். இராணுவ மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

அன்புத் தோழியரே! எழுத்தறியாத அப்பெண்மணி நமக்குக் கற்பிக்கும் பாடம் எது? தான் கரை சேர்ந்தால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. நாமும் கல்வி பெற்று நாளை ஒரு கரை சேர்வோம். அப்போது, கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பை நிறுத்திய தோழியையும், பாடம் புரியாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவளையும் மறந்துவிடலாமா? ஹாரியட்டைப் போல் நாமும் ஒரு முறையேனும் திரும்பிச் சென்று, அவர்தம் கைபற்றி அழைத்து வருவோமாக!