வெள்ளிக்காசில் பெயர் பொறித்த ஆளுநர்

பழங்காலக் காசுகளில் மன்னர்களின் பெயர் இருக்கும். ஆனால், ஓர் ஆளுநர் தம் பெயரைக் காசில் பொறித்த கதை தெரியுமா?

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் பரந்து கிடந்த பாரசீகப் பேரரசு பல மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மாகாண ஆளுநருக்கு 'சத்ரப்' என்று பெயர். இன்றைய துருக்கியின் தென்மேற்கில் இருந்த காரியா மாகாணத்தின் சத்ரப், மாசோலஸ். தந்தை ஹெகடோம்னஸுக்குப் பின் கி.மு. 377-இல் பதவியேற்றார்.

உள்நாட்டு ஊரான மைலாசாவிலிருந்து, கடற்கரை நகரமான ஹாலிகார்னாசஸுக்குத் தலைநகரை மாற்றினார். அரண்மனையும் மதிலும் எழுப்பினார்.

அவர் வெளியிட்ட பெரிய வெள்ளிக்காசின் எடை சுமார் 15 கிராம். ஒருபுறம் அப்பல்லோ தெய்வத்தின் முகம். மறுபுறம் இரட்டைக் கோடரி ஏந்திய சீயஸ் தெய்வம். பக்கத்தில் கிரேக்க எழுத்தில் மாசோலஸின் பெயர். பேரரசரின் பெயர் இல்லை!

ஆளுநர்கள் சிலர் பேரரசரை எதிர்த்துக் கிளர்ந்தபோது மாசோலஸும் சேர்ந்துகொண்டார். பிறகு சமயம் பார்த்துப் பேரரசர் பக்கம் திரும்பினார். பதவி தப்பியது.

கி.மு. 353-இல் அவர் மறைந்தார். மனைவி ஆர்ட்டிமிசியா அவருக்கான பிரமாண்டக் கல்லறை மாளிகையின் பணியைத் தொடர்ந்தார். உயரம் சுமார் 45 மீட்டர்! பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் அது ஒன்று. பெரிய கல்லறை மாளிகைகளை ஆங்கிலத்தில் 'மாசோலியம்' என்பது அவர் பெயரால்தான்.

பின்னாளில் நிலநடுக்கங்களில் மாளிகை இடிந்தது. அதன் கற்கள் கோட்டை கட்டப் போயின. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளிக்காசோ, இன்றும் அருங்காட்சியகங்களில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.