ஒன்பது நாளில் வென்ற ஊர்



வ.உ.சி. என்றதும் உங்களுக்குக் கப்பலும் செக்கும் நினைவுக்கு வரும். அவருக்குத் துணை நின்ற தூத்துக்குடி மக்களையும் சற்று நினைத்துப் பாருங்கள்.

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் அவர். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் ஓடியது.

1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், வார விடுமுறை இல்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் பேசித் தைரியம் கொடுத்தார்கள். வேலைக்குப் போகாதவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? அதற்கு ஊரில் நிதி திரட்டினார்கள். வெள்ளையரை ஆதரித்தவர்களுக்கு முடிதிருத்துவோர் சவரம் செய்ய மறுத்தார்கள். கடைக்காரர்கள் வெள்ளையருக்குப் பொருள் விற்க மறுத்தார்கள். ஆயுதம் எடுக்கவில்லை, அவரவர் தொழிலே போதுமானதாக இருந்தது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். மறுநாள் நெல்லையில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். கோரல் மில் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கூலிக்காக அல்ல, அவருக்காக.

1912 இறுதியில் அவர் விடுதலையானபோது கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. வறுமையில் வாழ்ந்து, 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியிலேயே காலமானார்.

இன்று நம் துறைமுகத்துக்கு அவர் பெயர். அன்று சவரக் கத்தியைக் கீழே வைத்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அடுத்த முறை துறைமுகம் பக்கம் போகும்போது அவர்களையும் நினையுங்கள்.