தடையை அளந்தவர்

மின்விளக்கு, மின்விசிறி, தேய்ப்புப் பெட்டி என எந்த மின்கருவியை வடிவமைப்பினும், அதன் கணக்கில் ஒரு மனிதரின் பெயர் இடம்பெறாமல் இருப்பதில்லை. அப்பெயர் ஓம். இன்று உலகெங்கும் வழங்கும் அப்பெயருக்கு உரியவர், தம் கண்டுபிடிப்பை வெளியிட்ட காலத்தில் போற்றப்படவில்லை. நிலையான பணியுமின்றிப் பல ஆண்டுகள் வாழ நேர்ந்தது.

ஜார்ஜ் சைமன் ஓம், 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், இன்றைய ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில் உள்ள எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் கொல்லர். பள்ளிக் கல்வி வாய்க்கப் பெறாத அவர், தம் முயற்சியாலேயே கணிதமும் அறிவியலும் கற்றுத் தேர்ந்தவர். ஓம் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது தாயார் மறைந்தார். தந்தையே ஆசானாகி ஓமுக்கும் அவர்தம் தம்பி மார்ட்டினுக்கும் உயர்கணிதம் பயிற்றுவித்தார். உலோகத்தைக் கையாளும் திறமும் பட்டறையிலேயே ஓமுக்குக் கைவந்தது.

1805இல் ஓம் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் பொழுது கழிந்தது. தமக்குக் கிட்டாத கல்வியை மகன் வீணாக்குவது கண்டு தந்தையார் சினந்தார். மூன்று பருவங்களோடு படிப்பு நின்றது. ஓம் சுவிட்சர்லாந்து சென்று பள்ளியொன்றில் கணித ஆசிரியரானார். அங்கே தாமே நூல்களைப் பயின்று, எர்லாங்கனுக்குத் திரும்பி, 1811இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பின்னர்க் குறைந்த ஊதியத்தில் பள்ளிகளில் பணியாற்றிய அவருக்கு, 1817இல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியப் பணி கிடைத்தது. அங்கிருந்த இயற்பியல் ஆய்வகம் அவர் வாழ்வின் திருப்புமுனையாயிற்று. கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எவ்வளவு குறையும் என்னும் வினாவுக்கு விடை காண அவர் முனைந்தார். வோல்ட், ஆம்பியர் என்னும் அலகுகள் அன்று தோன்றவில்லை. மின்னோட்டத்தைக் காட்டும் நம்பகமான கருவியும் கடையில் கிடைக்காது. தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்டார்.

மெல்லிய உலோக நாடாவில் காந்த ஊசி ஒன்றைத் தொங்கவிட்டார். அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டம் பாய்ந்ததும் ஊசி விலகும். அதனைப் பழைய நிலைக்குக் கொணர நாடாவை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைக் கொண்டு மின்னோட்டத்தை மதிப்பிட்டார். எனினும் ஓர் இடர் எஞ்சியது. அக்கால மின்கலத்தின் வலிமை சிறிது நேரத்திலேயே தளர்ந்ததால் அளவுகள் நிலைகொள்ளவில்லை. அப்போது பொக்கெண்டார்ஃப் என்னும் அறிவியல் அறிஞர், வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தினார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரின் வெப்பநிலையிலும் மற்றொன்றை உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையிலும் ஓம் வைத்தார். அவ்விரு வெப்பநிலைகளும் மாறாதவை. எனவே அவற்றால் எழும் மின்னழுத்தமும் மாறவில்லை. ஒரே தடிமனும் 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுச் செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து அளந்தார்.

அவ்வளவுகளிலிருந்து பிறந்ததே ஓம் விதி. வெப்பநிலை மாறாதிருக்கும்போது, உலோகக் கம்பியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் அமையும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். 230 வோல்ட்டில் இயங்கும் தேய்ப்புப் பெட்டி ஒன்றில் 5 ஆம்பியர் பாயுமாயின், அதன் மின்தடை 46 ஓம். அவ்விரு அளவுகளையும் பெருக்கினால் மின்திறன் 1150 வாட் எனத் தெரியவரும். மின்தடையால் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும் என்பதை 1841இல் ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் நிறுவினார். 5 ஆம்பியரின் இருமடியாகிய 25ஐ 46 ஓமால் பெருக்கினாலும் அதே 1150 வாட் வருவதைக் காணலாம்.

தம் முடிவுகளைக் கணித நெறியில் விளக்கி 1827இல் ஓம் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் தமக்குப் பல்கலைக்கழகப் பணியைப் பெற்றுத்தரும் என நம்பினார். ஆனால் மின்னியலில் கணிதத்தைப் புகுத்துவதை ஜெர்மானிய அறிஞர் பலர் அன்று ஏற்கவில்லை. மனம் நொந்த ஓம் 1828இல் கொலோன் பணியைத் துறந்தார். பெர்லினில் சிறு ஊதியத்துக்குக் கணிதம் கற்பித்து நாள்களைக் கழித்தார். 1833இல்தான் நூரம்பர்க் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்கு நிலையான பணி கிட்டியது.

தாய்நாட்டில் கிட்டாத பாராட்டு அயல்நாட்டிலிருந்து வந்தது. 1841இல் இலண்டன் அரச கழகம் தன் உயரிய காப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. இளமை முதல் விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, மியூனிக் நகரில் 1852இல் அவரை அடைந்தது. அப்போது அவருக்கு வயது 63. ஈராண்டுகளே அப்பதவியில் இருந்த அவர், 1854ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் மறைந்தார்.

1881இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்னும் பெயரை உறுதிசெய்தது. அவரை மறுத்தவர்களின் பெயர்கள் மறைந்துபோயின. பட்டறையில் பழகிய கையும் பொறுமை குன்றாத மனமும் கொண்டு அவர் எடுத்த அளவுகளோ நிலைத்தன. தம் வாழ்வில் தடைகள் பல கண்ட ஒருவரின் பெயராலேயே உலகம் இன்று தடையை அளக்கிறது.